பார்வையாளர் அட்டைக்குத் திறந்த கதவு

அவசரம் என்று வந்துவிட்டால் வாயாடிக்குச் சட்டம், சம்பிரதாயம், பெயர்ப்பலகை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அன்று முற்பகல் அவளுக்கு அப்படியொரு அவசரம் வந்தது.

காரணம் டீ. பூட்டுக் கம்பெனி முதலாளி காலையிலிருந்து டீ வரவழைத்துக்கொண்டே இருந்தார். துப்பறிவாளர் நிதானம் தன் கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். வீணாகப் போகிறதே என்று அதையும் சேர்த்துக் குடிப்பது அவருடைய உதவியாளர் வாயாடியின் பொறுப்பு. நிதானம் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயர் அல்ல, எதற்கும் பதறாதவர் என்பதால் ஊர் வைத்தது. வாயாடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை.

பெண்கள் கழிப்பறை வாசலில் 'பழுது' என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகைக்கே வயதாகி ஒரு ஆணி கழன்றிருந்தது.

"கீழ்த்தளத்துல இன்னொண்ணு இருக்குமே?" என்று வாயாடி கேட்டாள்.

"அங்கயும் இதே போர்டுதாங்க. கொஞ்சம் புதுசா இருக்கும்," என்றார் கணக்குப் பிரிவு அக்கா.

"அப்ப நீங்கல்லாம் என்ன பண்றீங்க?"

"பக்கத்து பில்டிங்ல போய்ப் பல்லைக் காட்டுவோம்."

பக்கத்துக் கட்டடம் வரைக்கும் தாங்காது. வராந்தாவின் கோடியில் பளபளவென்று ஒரு மரக்கதவு தெரிந்தது. பித்தளைப் பலகையில் 'நிர்வாக இயக்குநர், தனி உபயோகத்துக்கு மட்டும்' என்று பொறித்திருந்தார்கள். பக்கத்துச் சுவரில் அட்டையைக் காட்டும் சின்னப் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. ஊழியர்கள் அந்தக் கதவைத் தாண்டும்போது எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு போனார்கள். வாயாடியின் கழுத்தில் 'பார்வையாளர்' என்று எழுதிய அட்டை தொங்கியது. போனால் போகிறது என்று அதைப் பெட்டியில் காட்டினாள்.

பீப் என்றது. விளக்கு பச்சையானது. கதவு திறந்துகொண்டது.

உள்ளே தரையில் கம்பளம் விரித்திருந்தது. கூரையில் சரவிளக்கு. துவாலையின் ஓரத்தில் முதலாளியின் முதலெழுத்துப் பூவேலை. வாயாடியின் வாடகை வீட்டுக் கூடமே அந்தக் குளியலறையில் பாதிதான் இருக்கும். வந்த வேலையை முடித்து, அந்தத் துவாலையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

இந்தக் கதவு அவளுக்கு எப்படித் திறந்தது?

இந்தக் கதவு முதலாளியைத் தவிர யாருக்கும் திறக்காது என்பதை வைத்துத்தான் ஒரு பெண்ணைத் திருடி என்கிறார்கள். விஷயம் இதுதான். யாராலும் திறக்க முடியாத ஒரு பூட்டைக் கம்பெனி கண்டுபிடித்திருந்தது. முஷ்டி அளவுதான் இருக்கும். உலகத்திலேயே ஒரே ஒரு மாதிரி, அதுவும் மாதிரி அறையில். நேற்று மதியம் அது காணாமல் போய்விட்டது. பூட்டுக் கம்பெனியிலேயே திருட்டு என்று வெளியில் தெரிந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். கம்பெனியில் மின்கதவு மூன்றுதான்: மாதிரி அறை, முதலாளியின் அறை, அவருடைய இந்தக் குளியலறை. மூன்றும் அவர் அட்டைக்கு மட்டுமே திறக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் நேற்று மாதிரி அறையைத் திறந்தது கதவுக்காரியின் அட்டை என்று, கதவுகளை இயக்கும் மெஷின் சொன்னது. கதவுக்காரி என்றால் அந்தக் கதவுகளுக்குப் புரோகிராம் எழுதிய பெண். அவள் பெயரே அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இன்று காலை முதலாளி அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் "திருடி" என்றார். அவள் அப்பாவுக்கும் போன் போட்டுச் சொன்னார். போலீஸுக்கும் சொல்லியாகிவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பூட்டை எங்கே ஒளித்தாள் என்று அவள் வாயிலிருந்து பிடுங்கத்தான் நிதானத்தைக் கூப்பிட்டிருந்தார். அவள் எடுத்தாளா என்று கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முதலாளி அறை வாசலுக்கு வந்த வாயாடி, அட்டையைப் பெட்டியில் வைக்கப்போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். நல்ல பிள்ளையாகக் கதவைத் தட்டினாள். முதலாளி உள்ளிருந்து பொத்தானை அழுத்தித் திறந்துவிட்டார்.

உள்ளே நிதானம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, முதலாளியின் மருமகன் பேசிக்கொண்டிருந்தார். கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் அவர்தான். முதலாளி 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதைக் கேட்டு, வாட்ச்மேன் முதல் டீக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். ஒரே கல்யாணத்தில் இத்தனை பேருக்கு மாப்பிள்ளையானவர் வேறு யாரும் இருக்க முடியாது. அவர் தோளில் ஒரு லேப்டாப் பை தொங்கியது. காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவே இல்லை என்பதை வாயாடி கவனித்திருந்தாள். டீ குடிக்கும்போதுகூட அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"மாமா, திரும்பத் திரும்பச் சொல்றேன். அந்த மெஷினை அணைச்சுப் போடணும். அதுல இவ என்னென்ன வெச்சிருக்காளோ? பாதுகாப்பே போச்சு!"

"இவர் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் மாப்பிள்ளை. மெஷின் ரூம் வாசல்ல வாட்ச்மேனை உட்கார வெச்சிருக்கேன். இப்பத்தான் இவர் பார்த்தாச்சே. சாப்பிட்டதும் அணைச்சுடுங்க."

அறையின் மூலையில் கதவுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கண் வீங்கியிருந்தது, ஆனால் இப்போது அழவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றார் நிதானம். "மத்தவங்க கார்டுக்கு அந்தக் கதவு திறக்குதான்னு யாராவது பார்த்தீங்களா?"

முதலாளி சிரித்தார். "பார்க்காம இருப்பேனா? மாப்பிள்ளைதான் முதல் ஆளா வந்தார். 'யார் மேலயும் சந்தேகம் வரக் கூடாது மாமா, என் கார்டையே முதல்ல சோதிச்சுப் பாருங்க'ன்னார். தங்கமான மனசு. வெச்சுப் பார்த்தோம், திறக்கலை."

"அப்புறம் மத்தவங்க கார்டு?"

"என்ன சார் பேசறீங்க? மாப்பிள்ளைக்கே திறக்காத கதவு குமாஸ்தாவுக்கும் வாட்ச்மேனுக்கும் திறக்குமா?"

நியாயம்தானே என்பது போல நிதானம் தலையாட்டினார். வாயாடி குனிந்து அவர் காதில் நாலு வார்த்தை சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவருடைய அகராதியில் துள்ளிக் குதிப்பதற்குச் சமம்.

"இந்தப் பொண்ணுகிட்ட தனியா ஒரு பத்து நிமிஷம் பேசணும்," என்றார்.

"நல்லா மிரட்டுங்க," என்று முதலாளி அனுமதி கொடுத்தார்.

மாடிப்படித் திருப்பத்தில் மூவரும் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே வரவேற்பறை தெரியும். சோபாக்கள் காலியாக இருக்க, ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பார்வையாளர் அட்டை, இரண்டு கையும் முழங்காலுக்கு நடுவே. யாராவது கடந்து போனால் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்க அப்பா," என்றாள் கதவுக்காரி. "பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். சில்லறை பாக்கி வெச்சுட்டா ஆளைத் தேடிட்டுப் போய்க் கொடுத்துட்டு வருவார். அவருக்குப் போன் பண்ணி, 'உன் பொண்ணு திருடி, வந்து பாரு'ன்னிருக்காங்க. வந்ததுலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலை."

வாயாடிக்குச் சுருக்கென்றது. கிண்டலடிக்க வாயில் ஒன்றும் வரவில்லை, அதனால் கோபம் வந்தது.

"நேத்து மதியம் எங்கம்மா இருந்தே?" என்று நிதானம் கேட்டார்.

"மொட்டை மாடியில சாப்பிட்டுட்டிருந்தேன் சார். தனியா. கார்டு என் ஸ்கிரீன் மூலையில தொங்கிட்டிருந்தது. எப்பவும் கழுத்துல இருக்கும், நேத்து கழட்டி மாட்டினதை மறந்துட்டுப் போயிட்டேன். ஆனா என் கார்டுக்கு அந்தக் கதவு திறக்காது. நான் எழுதின புரோகிராமை வரி வரியா காட்டினேன். அதுல ஒண்ணுமே இல்லை. அழிச்சிருப்பேங்கறாங்க."

"கதவு எப்படி ஆளைத் தெரிஞ்சுக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் குரலில் தெம்பு வந்தது.

"ஆள்னு ஒரு கிளாஸ் எழுதியிருக்கேன் சார். கிளாஸ்னா ஒரு அச்சுன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு கார்டுக்கும் அந்த அச்சுல வார்த்த பொம்மை ஒண்ணு மெஷினுக்குள்ள இருக்கும். கார்டைக் காட்டினதும், 'நீ நம்பகமானவரா?'ன்னு கதவு அந்தப் பொம்மையைக் கேட்கும். முதலாளி பொம்மைகிட்ட மட்டும்தான் 'ஆமா'ன்னு பதில் இருக்கு. மத்த பொம்மைங்களுக்கு அந்தக் குணமே வெக்கலை."

"இவ்வளவு பெரிய கம்பெனியில நம்பகமானவர் ஒரே ஒருத்தர்தானா?" என்றாள் வாயாடி.

"அப்படித்தான் எழுதச் சொன்னார்."

"விசிட்டருக்கும் அதே அச்சா?"

"விசிட்டரும் ஆள்தானேக்கா. மேனேஜ்மெண்ட்டுக்குத் தனி அச்சு போடுன்னு மாப்பிள்ளை சார் குதிச்சார். கதவுக்கு எல்லாரும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து என்னைக் கண்டாலே ஆகாது."

"இன்னிக்கு இவளோட விசிட்டர் கார்டுக்கு முதலாளியோட பாத்ரூம் திறந்திருக்கு," என்றார் நிதானம்.

கதவுக்காரி வாயைப் பிளந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அச்சுல யாரோ கை வெச்சிருக்காங்க."

"எழுதி வெச்சதுல ஒண்ணும் இல்லேன்னியே?"

"எழுதி வெச்சது வேற சார், ஓடிட்டிருக்கறது வேற. ஓடும்போதே உள்ள நுழைஞ்சு, 'ஆள்ங்கற கிளாஸுக்கு நம்பகமானவர்னு ஒரு குணம், அதுக்குப் பதில் ஆமா'ன்னு ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். இனிமே வார்க்கப் போற பொம்மைக்கு மட்டும் இல்ல, ஏற்கெனவே வார்த்து வெச்சதுக்கும் அந்த நிமிஷமே அந்தக் குணம் வந்துடும்."

"அதெப்படி?" என்று வாயாடி குறுக்கிட்டாள். "அச்சுல இன்னிக்கு ஒரு மச்சம் வெச்சா, போன வருஷம் பண்ணின பொம்மைக்கு மூக்குல மச்சம் முளைக்குமா?"

"மண்பொம்மைக்கு முளைக்காது. இதுக்கு முளைக்கும். கேள்வி வந்தா பொம்மை முதல்ல தன்கிட்ட பதில் இருக்கான்னு பார்க்கும். இல்லேன்னா நேரா அச்சுகிட்ட ஓடிப் போய்க் கேட்கும். அச்சு என்ன சொல்லுதோ அதுதான் பதில்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு. எதைக் கேட்டாலும், 'இரு, அம்மாவைக் கேட்டுட்டு வரேன்.'"

"அம்மாவைக் கேட்காம அவரே எப்பவாவது பதில் சொல்லியிருக்காரா?" என்று நிதானம் கேட்டார்.

"ஒரே ஒரு தடவை பாஸ். பிரிட்ஜ் வாங்க மாட்டேன்னு. அவங்க அம்மாவே 'வாங்கிக் குடுடா'ன்னு சொல்லியும் எடுபடலை."

"இதுவும் அப்படித்தாங்க்கா. சொந்தமா ஒரு பதில் இருந்தா அச்சை மதிக்காது."

நிதானம் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே நாளில் இரண்டு முறை அவர் கண்ணாடி துடைத்து வாயாடி பார்த்ததில்லை.

"மெஷினை அணைச்சுப் போட்டா என்ன ஆகும்?"

"நடுவுல சொன்னதெல்லாம் மறந்துடும். எழுதி வெச்சது மட்டும்தான் நிக்கும். யாரோ வரி சேர்த்தாங்கங்கறதுக்கே அடையாளம் இருக்காது." அதைச் சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. "சாப்பாட்டுக்கு அப்புறம் அணைக்கப் போறாங்களே சார்."

"அப்படி உள்ள நுழைய யாருக்கெல்லாம் பாஸ்வேர்டு தெரியும்?"

"எனக்கும் மாப்பிள்ளை சாருக்கும்தான்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்ப என் மேலதான் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகும், இல்ல சார்?"

"ஆகும்," என்றார் நிதானம். பொய் சொல்லி ஆறுதல் தருகிற பழக்கம் அவருக்கு இல்லை.

சற்று நேரத்தில் அந்தக் கம்பெனி தன் சரித்திரத்தில் பார்க்காத ஒரு காட்சியைப் பார்த்தது. நிதானம் கேட்டுக்கொண்டபடி முதலாளியின் குளியலறை வாசலில் ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். முதலாளிக்கு அவமானத்தில் காது சிவந்திருந்தது. "இதெல்லாம் அவசியமா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். கூட்டம் நடுங்கியது. அந்தக் கதவை நிமிர்ந்து பார்த்தே அவர்களுக்குப் பழக்கமில்லை.

முதலில் கணக்குப் பிரிவு அக்கா கண்ணை மூடிக்கொண்டு அட்டையை நீட்டினார். பீப். பச்சை.

அடுத்தவர் தோட்டக்காரர். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். பச்சை. கதவு விலகியதும் உள்ளே எட்டிப் பார்த்து, "கம்பளமா?" என்றார். டிரைவருக்குப் பச்சை. டீக்காரருக்கும் பச்சை. முதலாளியின் மேஜையிலிருந்து கதவுக்காரியின் அட்டையை எடுத்துவந்து காட்டினார்கள், அதற்கும் பச்சை. கதவு திறந்து திறந்து மூடியது. முதலாளியின் பூவேலைத் துவாலையை அலுவலகமே தரிசித்தது. யாரோ பின்னாலிருந்து, "ரெண்டு சிங்க் வேற வெச்சிருக்காருப்பா," என்றார்கள்.

முதலாளி வாய் திறக்க முடியாமல் நின்றார். ஆனால் மாப்பிள்ளை திறந்தார்.

"பார்த்தீங்களா மாமா! நான் சொன்னேனா இல்லையா? கிளாஸையே மாத்தி எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கா! இந்த வேலையை இவளைத் தவிர யாரால செய்ய முடியும்? இவ எழுதின புரோகிராம், இவ எழுதின கதவு!"

கூட்டம் முணுமுணுத்தது. கதவுக்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை. வாயாடி நிதானத்தைப் பார்த்தாள். மனுஷர் சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றார். சொதப்பிவிட்டாரோ, நாமே இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் மாட்டிவிட்டோமோ என்று வாயாடிக்குப் பயம் வந்தது.

"உங்க கார்டு?" என்றார் நிதானம், மாப்பிள்ளையிடம்.

"தாராளமா!" மாப்பிள்ளை அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்தார். பீப் சத்தம் வரவில்லை. சிவப்பு விளக்கு சிவப்பாகவே நின்றது. மறுபடி வைத்தார். சிவப்பு. திருப்பி வைத்தார். சிவப்பு. ஜெயித்த மாதிரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "காலையிலயும் இதான், இப்பவும் இதான். என் கார்டு சுத்தம். எனக்குத் திறக்காது!"

"ஆமா," என்றார் நிதானம். "உங்களுக்கு மட்டும் திறக்கலை."

மாப்பிள்ளை தூக்கிய அட்டையைக் கீழே இறக்கினார்.

"தோட்டக்காரருக்குத் திறக்குது. டீக்காரருக்குத் திறக்குது. இன்னிக்குக் காலையில வந்த விசிட்டருக்குத் திறக்குது. அச்சே 'ஆமா'ன்னு சொல்லும்போது ஒரே ஒரு பொம்மை மட்டும் எப்படி 'இல்லை'ங்குது? நீ சொல்லும்மா."

கதவுக்காரி மாப்பிள்ளையின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுகிட்ட சொந்தமா ஒரு பதில் இருக்கணும் சார். அவர் பொம்மைக்கு மட்டும் தனியா, 'நம்பகமானவர் இல்லை'ன்னு யாரோ சொல்லி வெச்சிருக்கணும்."

"யாரோ என்ன யாரோ," என்றாள் வாயாடி. அவளுக்கு இப்போது போன உயிர் திரும்பி வந்திருந்தது. "தன்னைப் பத்தி இவ்வளவு சரியா எழுதறதுக்கு அவரே வந்தாத்தான் உண்டு."

"இவதான் அதையும் பண்ணியிருக்கா! என்னை மாட்ட வெக்க!" மாப்பிள்ளை கத்தினார்.

"மாட்ட வெக்கணும்னு நினைக்கிறவ உங்களுக்குக் கதவைத் திறந்துல்ல விட்டிருப்பா? உங்களைக் காப்பாத்தற மாதிரி சாத்தியா வெப்பா?" நிதானத்தின் குரல் உயரவே இல்லை. "நேத்து யார் மேஜையில எந்தக் கார்டு கிடைக்கும்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால எல்லாருக்கும் திறந்து விட்டீங்க. இவளோட கார்டு தொங்கிட்டிருந்தது, எடுத்தீங்க, வேலை முடிஞ்சதும் திருப்பி மாட்டிட்டீங்க. நாளைக்கு உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு உங்க கார்டுக்கு மட்டும் 'இல்லை' போட்டுக்கிட்டீங்க. மெஷினை ஒரு தடவை அணைச்சுட்டா எல்லாம் போயிடும். உங்க மாமா பயத்துல 'யாரும் தொடாதே'ன்னுட்டார். அதனால இன்னிக்கு வரைக்கும் நிக்குது. நடுவுல ஒருத்தர்கூட இந்தக் கதவைத் தொட்டுப் பார்க்க மாட்டாங்கன்னு நம்பினீங்க. அந்த நம்பிக்கையும் சரிதான். இந்தக் கம்பெனியில யாருக்கு அந்தத் தைரியம் இருக்கு?"

"டீ குடிச்சவளுக்கு இருக்கு," என்றாள் வாயாடி. "பாஸ், அந்தப் பை."

மாப்பிள்ளையின் கை தன்னையறியாமல் பையை இறுக்கிப் பிடித்தது. அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. முதலாளியே நாலு எட்டு வைத்துப் போய் பையைப் பிடுங்கினார். உள்ளே, ஒரு காலுறைக்குள் சுருட்டி, யாராலும் திறக்க முடியாத அந்தப் பூட்டு இருந்தது.

"எனக்கே ஒரு கதவைத் திறந்து விட மாட்டீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. அழுகையும் கோபமுமாக அவர் குரல் பிசிறடித்தது. "ஏழு வருஷமா மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டீங்க. நம்பகமானவர்னு ஒரு வார்த்தை போட மனசு வரலை. எதிர்க் கம்பெனிக்காரன் இந்தப் பூட்டைக் கொடுத்தா என் ரூமுக்குன்னு தனிச் சாவியே தரேன்னான்."

முதலாளி சட்டென்று அவர்களை எல்லாம் தன் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நாற்காலியில் விழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். குடித்ததும் பழைய முதலாளி ஆகிவிட்டார்.

"சரி. பூட்டு கிடைச்சாச்சு. இது வீட்டு விஷயம். என் பொண்ணு வாழ்க்கை இதுல இருக்கு. போலீஸுக்கு நான் சொல்லிக்கறேன், வர வேண்டாம்னு. ஏம்மா, உன் வேலை உனக்கு உண்டு. சம்பளம்கூட ஏத்திப் போடறேன். நீ போய் அந்த மெஷினை அணைச்சு, எல்லாத்தையும் பழையபடி பண்ணிடு. விஷயத்தை இதோட விட்டுடலாம்."

கதவுக்காரி நகரவில்லை.

"காலையில கூடத்துல நிக்க வெச்சு எல்லார் முன்னாடியும் திருடின்னீங்க சார்."

"கோபத்துல சொல்றதுதான்."

"திருடலைன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"அதெப்படிம்மா? சொன்னா அப்ப யாருன்னு கேட்பாங்களே? அவ்வளவு பேரையும் இங்க கூப்பிட்டு..."

"கூப்பிடவே வேண்டாம் சார்," என்றாள் வாயாடி. மேஜைப் போனை எடுத்துக் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டாள். "அக்கா, வாட்ச்மேன்கிட்ட சொல்லிக் கீழ இருக்கிற அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் வாங்க, அப்படியே எல்லாரும் வாங்க. தட்ட வேண்டாம்."

"பொத்தானை நான் அழுத்தினாத்தான்..." என்று ஆரம்பித்த முதலாளிக்குப் பாதியிலேயே ஞாபகம் வந்துவிட்டது.

பீப் என்றது கதவு. கணக்குப் பிரிவு அக்கா உள்ளே வந்தார். கதவு மூடுவதற்குள் மறுபடி பீப், தோட்டக்காரர். பீப், டிரைவர். ஒருவர் திறந்த கதவிலேயே நுழைய எல்லோராலும் முடியும். ஆனால் யாரும் அப்படி வரவில்லை. ஒவ்வொருவரும் நின்று, தன் அட்டையைக் காட்டி, தனக்கென்று ஒரு பச்சை விளக்கை வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். அறை நிறைந்தது. முதலாளியின் கை மேஜைக்கு அடியில் பொத்தானைத் தேடியது. அது திறக்கத்தான் செய்யும், மூடாது.

கடைசியில் கதவுக்கு வெளியே ஒரு தயக்கம் கேட்டது. "நான் எப்படிங்க, விசிட்டர்தானே," என்று ஒரு வயதான குரல். "சும்மா வைங்க பெரியவரே," என்று வாட்ச்மேன் குரல்.

பீப்.

கண்டக்டர் அப்பா வாசலில் நின்றார். இத்தனை பேருக்கு நடுவில் மகளை மட்டும் தேடினார். மகள் அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

நிதானம் முதலாளியைப் பார்த்தார். வாயாடி பார்த்தாள். அறை முழுவதும் பார்த்தது. முதலாளி மெல்ல எழுந்து நின்றார்.

"உங்க பொண்ணு எடுக்கலைங்க," என்றார். குரல் எழும்பவில்லை.

"பின்னாடி கேட்கலை சார்," என்றார் தோட்டக்காரர்.

"உங்க பொண்ணு திருடலை! என் மாப்பிள்ளைதான் திருடினார். நான் விசாரிக்காம பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க."

பெரியவர் மகளின் பக்கத்தில் போய் நின்று அவள் தலையில் கை வைத்தார். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தார். அதன் பித்தளைக் கைப்பிடி, சின்னப் பெட்டி, இன்னும் அணையாத பச்சை விளக்கு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"நீ செஞ்ச கதவாம்மா இது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நல்லாத் திறக்குது," என்றார் அவர்.